சம்பா வயலில் எழும் குமிழிகள்

கார்த்திகை மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் போகிறவருக்கு, நீடாமங்கலம் தாண்டினால் வேடிக்கை பார்க்க ஒன்றுதான் மிஞ்சும்: தண்ணீரில் நிற்கும் சம்பாப் பயிர். கட்டுரைக்காரர் கொரடாச்சேரி பக்கம் இறங்கி, வரப்போரமாக ஒரு காலைச் சேற்றில் விட்டார். கணுக்காலைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின. 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் இயற்பியலாளர் வோல்ட்டா சேற்றைக் கிளறிப் பிடித்து எரித்துப் பார்த்ததும் இதே மீத்தேனைத்தான்.

டெல்டாவில் மீத்தேன் என்றால் யாருக்கும் வயல் ஞாபகம் வராது, மன்னார்குடிதான் வரும். நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு எடுக்க 2010இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பிரச்சாரத்தின் நடுவில்தான், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டைக்கு அருகில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காலமானார். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஆழத்து மீத்தேன் ஆழத்திலேயே கிடக்கிறது. மேல்சேற்று மீத்தேனுக்கு ஒப்பந்தமும் இல்லை, தடையும் இல்லை.

வயலில் தண்ணீர் கட்டிய சில நாட்களுக்குள் மண்ணிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு நைட்ரேட், இரும்பு, சல்ஃபேட் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துச் சுவாசிக்கும் நுண்ணுயிர்களின் முறை. எல்லோரும் எழுந்த பின் கடைசிப் பந்தியில் உட்காருபவை மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாக்கள். மடக்கி உழுத தாளும் வேர்க்கசிவும் அழுகிக் கொடுக்கும் அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் அவற்றின் இரை.

குமிழியாக வெளியேறுவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிருக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே மேலேறிப் போய்விடுகிறது. அதே வழியில் ஆக்சிஜன் கீழிறங்கி வேரோரம் கசிகிறது. அந்த மெல்லிய வட்டத்திலும், தண்ணீருக்கு அடியில் சேற்றின் மேல்தோலிலும், மீத்தேனையே தின்று பிழைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. உண்டானதில் கணிசமான பங்கு அங்கேயே செரித்துவிடும். தப்பிய வாயுவைப் பத்தாண்டு அளவில் வானத்து ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் சிதைக்கின்றன.

இந்தக் கணக்கில் ஒரு பழைய வழக்கும் உண்டு. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக 1990 வாக்கில் அமெரிக்காவில் மதிப்பிட்டார்கள். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா குழுவினர் 1991இல் வயல் வயலாக அளந்தபோது கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். அயல்நாட்டு வயலின் அளவை நம் மண்ணுக்கும் பொருத்தினால் வேறென்ன நடக்கும்?

கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம் என்று கடல் நெருங்க நெருங்க, சேற்றுக்குள் வேறு ஆட்டம். கடல்நீரில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சமில்லை. உப்பேறிய கழிமுகங்களிலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் அதைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களே முந்திக்கொள்வதால், மீத்தேனுக்கு மிஞ்சுவது குறைவு. அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் வேலை. உவர் நிலத்தைத் திருத்த உழவர் போடும் ஜிப்சமும் கால்சியம் சல்ஃபேட்தான். அது மீத்தேனையும் மட்டுப்படுத்துவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

எளிய வைத்தியம் காய்ச்சலும் பாய்ச்சலும். நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கும்வரை விட்டு, பிறகு தண்ணீர் கட்டினால் ஆக்சிஜன் உள்ளே புகுந்து மீத்தேன் பாதியளவுக்குக் குறையும். போர்செட் குறுவைக்கு இது கச்சிதம். வேளாங்கண்ணிக்கு மேற்கே, கடைமடையில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “காயப்போட எங்களுக்கு மட்டும் கசக்குதா தம்பி? வடிஞ்சாத்தானே காயும்!”

மேட்டூர்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்கள் இவை. ஐப்பசி, கார்த்திகை மழையோ முதலிலேயே வந்து தேங்குகிறது. கடல் ஏறும் நேரத்தில் வடிகாலும் எதிர்த்துக்கொள்கிறது. மீத்தேனைக் குறைக்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் கடைமடையில் முதலில் வாங்க வேண்டியது மீட்டரை அல்ல, வடிகால் தூர்வாரும் பொக்லைனை.