ராம் சொன்ன பொய்

என் பழைய கம்ப்யூட்டரில் புதிதாக லினக்ஸ் ஸ்தாபிக்க வேண்டுமென்ற ஆசை எனக்கு உண்டாயிற்று. வேகம் போதாதென்று கருதி, இருந்த 4 ஜிகாபைட் ராமுக்குப் பக்கத்தில் இன்னொரு 4 ஜிகாபைட் ராமையும் வாங்கிச் செருகினேன்.

பாதி வரையில் காரியம் ராஜநடை போட்டது. பிறகு, ஒரு கோப்பு பழுதென்று அறிவிப்பு! மறுபடி தொடங்கினேன், இம்முறை வேறொரு கோப்பு. "டிஸ்க் கிழடாகிவிட்டது" என்று தீர்ப்பளித்துப் புது டிஸ்க் வாங்கினேன். பழைய டிஸ்கின் ஒரு பகுதியில், காலஞ்சென்ற என் தாயார் பாடிய நலங்குப் பாட்டுகள் இருந்தன. அவற்றைப் புதியதற்குப் பிரதி செய்துவிட்டுப் பழையதை எறிவதாக உத்தேசம்.

புது டிஸ்கிலும் அதே கதை! "கிழவருக்கும் குழந்தைக்கும் ஒரே வியாதி வருமா? வீட்டுக்கு வேறு யார் புதிதாக வந்தது?" என்றாள் என் மனைவி.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. எந்தக் கோப்பும் முதலில் ராமுக்கு வந்து, அங்கே விரிக்கப்பட்டு, பின்னரே டிஸ்குக்குப் போகிறது. ராமில் ஓர் ஒன்று பூஜ்யமாக மாறினால், டிஸ்க் அந்தப் பொய்யையே சத்தியமென்று எழுதி வைக்கும். 8 ஜிகாபைட்டில் இத்தகைய இலக்கங்கள் 6,800 கோடிக்கு மேல்! பிழையைத் தானே கண்டு திருத்தும் குறியீட்டை ரிச்சர்டு ஹாமிங் 1950-ஆம் வருஷத்திலேயே வெளியிட்டார். ஆனால் அத்தகைய ராம் பெரும்பாலும் பெரிய கம்ப்யூட்டர்களுக்கே வாய்க்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பாக்கியம் அரிது.

இரவு முழுதும் 'மெம்டெஸ்ட்' சோதனையை ஓடவிட்டேன். விடியற்காலையில் திரையெங்கும் சிவப்பு வரிகள். ஒவ்வொரு ராமையும் தனியே சோதித்தால் குற்றமில்லை, சேர்ந்தால்தான் சண்டை. தனித்தனியே உத்தமர்களான பங்காளிகள் ஒரே கூரையின் கீழ் படும் பாடுதான்! இரண்டுக்கும் வேகம் வேறு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. புதியதைக் கழற்றினேன், லினக்ஸ் ஒரு தடங்கலுமின்றி அமர்ந்தது.

நடுங்கும் கையுடன் பாட்டுகளைப் போட்டேன். பிரதியில் மூன்றாவது பாட்டின் நடுவே கரகரவென்று ஓர் இரைச்சல். பழைய டிஸ்கில் அம்மாவின் குரல் அப்படியே இருந்தது. நிரபராதியை அன்றே குப்பையில் எறிந்திருந்தால்?

நேயர்களே, பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதைச் சரிபார்த்த பிறகே மூலத்தை விடுங்கள்!