லைனிங்குக்கு மல்மல்

ஜூன் 21, சனி

மதுரையிலிருந்து சித்தி கொண்டுவந்த மெரூன் சுங்குடிச் சேலையை ஃபிராக்காக வெட்டப் போகிறேன். மகள் கல்லூரிக்குப் போட்டுக்கொள்ள, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற மாதிரி, உள்ளே முழு லைனிங்கோடு. மாதிரிக்கு என்னிடம் பழைய புர்தா இதழ் ஒன்று இருக்கிறது. 1950இல் ஜெர்மனியில் என்னே புர்தா தொடங்கிய இதழ். ஒரே தாளில் பல உடுப்புகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். நமக்கு வேண்டிய கோட்டைக் கண்ணால் பிடித்து டிரேசிங் பேப்பரில் எடுக்க வேண்டும். தையலுக்கான இடம் அதில் சேர்ந்திராது, சுற்றிலும் அரை இஞ்ச் விட்டேன். பக்கவாட்டில் மட்டும் ஒரு இஞ்ச், பிறகு பிரித்து லூஸ் வைக்க.

லைனிங்குக்கு அசிடேட் போடச் சொல்கிறது குறிப்பு. குளிர்நாட்டில் அது சரி. ஸ்டாக்கிங்ஸின்மேல் உடுப்பு சிக்காமல் வழுக்க வேண்டும். போர்ட் பிளேயரில் மே நடுவில் பிடிக்கும் மழை, ஆண்டு முடியும்வரை விட்டுவிட்டுப் பெய்யும். நின்ற உடனே வெயில் சுடும், முதுகெல்லாம் வியர்வை. அசிடேட்டும் பாலியெஸ்டரும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். உடம்பில் படுவது லைனிங்தானே, மேல்துணி இல்லையே. நல்ல பருத்தி முதலில் அதற்குத்தான் போக வேண்டும். அபர்தீன் பஜாரில் மல்மல் வாங்கிவந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மல்மல் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறியது. சுங்குடியை உப்புத் தண்ணீரில் தனியாக அலசினேன். இப்போதே சுருங்கவிடாமல் தைத்தால், முதல் துவைப்பில் லைனிங் மட்டும் மேலே ஏறி இடுப்பை இழுக்கும். வெளியே கொடியில் போட வழியில்லை. வராந்தாவில் காய்கிறது.

ஜூன் 28, சனி

இன்று வெட்டு. தாளிலுள்ள அம்புக்குறி பாவு நூலோடு போகச் சொல்கிறது. சேலைக் கரையும் பாவின் போக்கில்தான் ஓடும். கரை கீழ்விளிம்பில் வரவேண்டுமென்றால் பாவாடைப் பகுதியைக் குறுக்கே வெட்டியாக வேண்டும். மாதிரியில் கீழ்ப்பகுதி விரிந்து வளைந்து வருகிறது. வளைந்த விளிம்பில் நேர்க்கரை உட்காராது. அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு நீள்சதுரமாக வெட்டினேன், இடுப்பில் சுருக்கம் வரும். மேல்பகுதியை மட்டும் தாளின்படியே, அம்புக்குறி மாறாமல்.

சாக்பீஸ் போடும்போது புள்ளிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதுரை சௌராஷ்டிரர்கள் கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய துணி. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. முடிச்சு அவிழ்ந்த இடம் நனைத்த பிறகும் விரலுக்கு லேசாகத் தட்டுப்படுகிறது. எந்தப் புள்ளியும் மற்றதைப் போல இல்லை. அழுத்தித் தேய்த்தால் அந்தப் புடைப்பு படிந்துவிடும். உள்பக்கத்திலிருந்து இளஞ்சூடு போதும்.

ஜூலை 5, சனி

இங்கே காலை 5 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், சாயங்காலம் 6 மணிக்குள் போய்விடும். தையலுக்கு விடியற்காலைதான். மிதி மெஷின் என்பதால் கரண்ட் கவலை இல்லை. ஊசிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பேன். கடல் காற்றுக்கு எதுவும் துருப்பிடிக்கும். ஜிப்பும் அதனால்தான் நைலான்.

தோள்களை முதலில் இணைத்தாயிற்று. சுங்குடியும் மல்மலும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் கழுத்தையும் இரண்டு கைக்குழிகளையும் சுற்றித் தைத்தேன். முதுகுத் திறப்பும் பக்கங்களும் இன்னும் திறந்தபடி. வளைவுகளில் சின்னச் சின்ன வெட்டு. பிறகு முதுகுத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தோளுக்குள் நுழைத்து முன்பக்கமாக இழுத்தேன். குறுகலான தோள் என்பதால் மெதுவாகத்தான் வரும். முழுதும் வெளியே வந்ததும் பிசிறெல்லாம் உள்ளே அடங்கி, கழுத்தும் கையும் முடிந்த உடுப்பாக நின்றது. தையற்கலையில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது. கழுத்தோரம் லைனிங் எட்டிப் பார்க்காமலிருக்க, அதையும் தையலுக்கு விட்ட துணியையும் சேர்த்து ஓரத்திலேயே இன்னொரு தையல் ஓட்டினேன்.

ஜூலை 8, செவ்வாய்

கீழே லைனிங்கை மேல்துணியோடு பிடிக்கவில்லை, ஒரு இஞ்ச் குட்டையாக மடித்துத் தனியே விட்டேன். நேற்று மகள் நனைந்து வந்தாள். “ஒட்டவே இல்லம்மா” என்றாள். அலசி ஃபேனுக்கடியில் தொங்கவிட்டேன். இரண்டு அடுக்குக்கும் நடுவே காற்று போனதில் காலைக்குள் மல்மல் காய்ந்துவிட்டது. சுங்குடியின் கரை மட்டும் இன்னும் ஈரம்.