கோலார் தங்கவயல்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயிலில் பங்காரப்பேட்டை ஸ்டேஷனைக் கடந்து போகாத தமிழர் குறைவு. அந்த ஜங்ஷனில் இறங்கித் தெற்கே பிரியும் கிளைப்பாதையில் ஏறியவர்களோ மிகச் சிலர். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று பத்து மைலுக்குள் அப்பாதையில் வரும் ஸ்டேஷன்களின் பெயர்களிலேயே அவ்வூரின் சரித்திரம் பாதி அடங்கியிருக்கிறது.

தங்கவயல் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ள வறண்ட மேட்டு நிலம். எங்கு நோக்கினும் வெண்சாம்பல் நிறக் கருங்கற் குன்றுகள். அவற்றினிடையே வடக்குத் தெற்காக, சில மைல் அகலமே கொண்ட ஒரு கரும்பாறைப் பட்டை ஐம்பது மைல் நீளத்துக்கு ஓடுகிறது. அப்பட்டையினுள் சுவர்போல் நின்று மேற்குப் புறமாகச் சாய்ந்து இறங்கும் வெண்கல் நரம்புகளில்தான் பொன் கலந்திருந்தது. பொன்னைத் தேடிப் போனவர்கள் அச்சாய்வைப் பின்பற்றியே பூமிக்குள் இறங்கினார்கள்.

1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் வெள்ளைக்கார லெப்டினன்ட், பொன் காட்டுவோருக்குப் பரிசு உண்டென்று அறிவித்தார். கிராமத்தார் வண்டி வண்டியாக மண்ணைக் கொணர்ந்து அவர் கண்ணெதிரே அலசிப் பொன் துகளை எடுத்துக் காட்டினர். கண்டுபிடித்த பெருமை வாரனுக்குச் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே பொன் அரித்து வந்தவர்களுக்குப் பரிசு மட்டும் சேர்ந்தது! வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு, மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ் சிப்பாய் மைசூர் சர்க்காரிடம் 1873-ல் அனுமதி கேட்டார். குத்தகை கிடைத்தது, கைமுதல் போதவில்லை. உரிமை கைமாறிப் போய், 1880-க்குப் பின் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில்தான் சுரங்கங்கள் செழித்தன. லவெலின் பெயரில் பெங்களூரில் ஒரு வீதி இருக்கிறது.

தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதை தனியே சொல்லத் தக்கது. திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் வகுத்த திட்டப்படி சிவசமுத்திரத்துக் காவேரி நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம், 92 மைல் தூரம் கம்பி வழியாகப் பிரயாணம் செய்து 1902-ல் இங்கு வந்து சேர்ந்தது. அத்துணை நெடுந்தூரம் மின்சாரம் கொண்டு சென்றது அன்று அரிய சாதனை. தலைநகரான பெங்களூர் வீதிகளில் விளக்கு எரிந்தது மூன்று வருஷம் கழித்து, 1905-ல். காவேரித் தாய் முதலில் விளக்கேற்றியது ஜனங்களுக்கன்று, கம்பெனிக்கு என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு சற்று மௌனமாகிவிடுவதை நாம் கவனித்ததுண்டு.

சுரங்கத்தின் ஆழம் 10,000 அடியைத் தாண்டிற்று. அந்த ஆழத்தில் பாறையே கையால் தொட முடியாத சூடு. மேலிருந்து குளிர்காற்றை அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். சில சமயம், பாரம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும். கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோயோ சந்தடியின்றி வருஷக்கணக்கில் தன் வேலையைச் செய்யும். இதே சுரங்கத்தில், 7,600 அடி ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை நம் விஞ்ஞானிகளும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் 1965-ல் கண்டறிந்தனர்.

இவ்வளவு ஆழத்தில் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்த ஏழைத் தமிழர்கள்; அவர்களிலும் பலர் ஊர்த் தெருவில் நடக்கவும் தடை செய்யப்பட்டிருந்த ஆதிதிராவிடர்கள். உழைப்பு கொடியதுதான். ஆயினும் மாதக் கூலி கையில் வந்தது. அதைக்கொண்டு அவர்கள் பள்ளியும் பத்திரிகையும் நடத்தினர். அயோத்திதாச பண்டிதர் சென்னையில் நிறுவிய 'தமிழன்' பத்திரிகை, அவர் காலத்துக்குப் பின் 1926-ல் அப்பாதுரையாரின் முயற்சியால் இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் தொழிலாளர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பர் 4-ம் தேதி நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் ஆறு பேர் மாண்டனர். அவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தின் முன் இன்றும் பூ வைக்கிறார்கள்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் உடைமையாக்கியது. பின்னர் அவை மத்திய சர்க்காரிடம் சென்றன. நம் கைக்கு வந்தபோது பொன் அருகிவிட்டது. எடுக்கும் செலவோ ஏறிவிட்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை இம்மண் கொடுத்த பொன் ஏறத்தாழ 800 டன்.

இன்று துரைமார் பங்களாக்களின் தோட்டங்களில் முட்செடி மண்டிக் கிடக்கிறது. தொழிலாளர் வரிசை வீடுகளில் மட்டும் ஜனங்கள் நிறைந்திருக்கிறார்கள். விடியுமுன்னரே ஆயிரக்கணக்கானோர் ரயிலேறிப் பெங்களூரில் பிழைப்புத் தேடிச் சென்று இரவில் திரும்புகின்றனர். ஊருக்கு நடுவே, பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் குன்று குன்றாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். காற்றுக் காலத்தில் அத்தூள் பறந்து சோற்றுத் தட்டு வரையில் வருகிறதாம்.

ஒரு குன்றின் அடிவாரத்தில், முப்பது வருஷம் சுரங்கத்தில் உழைத்த பெரியவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கழிவு மண்ணிலும் சிறிது பொன் மிஞ்சியிருப்பதால் அதை மீண்டும் அரித்தெடுக்கும் யோசனை இருப்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"எடுக்கட்டும் வாத்தியாரய்யா, நல்லதுதான். எம் பேரன் காலையிலே நாலு மணிக்கு எழுந்து ரயிலுக்கு ஓடறான். அவனுக்கு இங்கேயே ஒரு வேலை கிடைக்குமான்னு மாத்திரம் யாரையாவது கேட்டுச் சொல்லுங்க" என்றார்.