தோட்டத்தில் 45 மி.மீ. லைன்

ஈங்கூர் ஸ்டேஷனுக்கும் சென்னிமலைக்கும் அதிக தூரமில்லை. ஈரோட்டிலிருந்து கோவை போகிற அந்த இருவழிப் பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, மேஸ்திரியாக ரிட்டயர் ஆனவர் இப்போது சென்னிமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் மண்டி போட்டு லைன் போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 45 மில்லிமீட்டர். உள்ளங்கையை வைத்தால் மறைந்துவிடும்.

தோப்புக்காரர் என் நண்பர், பெட்ஷீட் வியாபாரி. ஜெர்மனிக்குச் சரக்கு விஷயமாகப் போனவர், அங்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடிகளுக்கு நடுவே ரயில் ஓடுவதைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பியும் அந்த ஆசை அடங்கவில்லை. பேரனுக்காக என்று சொல்லிக்கொள்கிறார். பேரனுக்கு இரண்டு வயது.

இந்தத் தோட்ட ரயிலைப் பரவலாக்கியது நியூரம்பெர்க்கின் லேமன் பொம்மைக் கம்பெனி. மழையிலும் வெயிலிலும் கிடக்கத் தக்க வண்டிகளை 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். மீட்டர் கேஜை 22.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 மி.மீ. வரும். ஊட்டி ரயில் ஓடுவதும் மீட்டர் கேஜில்தான். ஆகவே அந்த மலைப்பாதையைச் சுருக்கித் தரையில் விரித்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் போனபோது பித்தளைத் தண்டவாளங்கள் பெட்டி பிரிக்காமலே திண்ணையில் கிடந்தன. மேஸ்திரி குடத்தில் தண்ணீர் மொண்டு, லைன் வரப்போகிற தடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தண்டவாளத்துக்கு இப்ப என்னுங்க அவசரம்? மொதல்ல தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கோணும்."

மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சுக்கான்கல். மலையிலிருந்து வழிகிற மழைத்தண்ணீர் சுக்கானுக்குள் இறங்காமல் செம்மண்ணிலேயே தேங்கும். தேங்கிய இடம் சேறாகும், அதன் மேல் எந்த லைனும் நிற்காது. அதனால் தடம் முழுக்கச் செதுக்கி, திமிசு போட்டு, நடுவில் மேடும் இருபக்கமும் வாட்டமுமாகக் கட்டினார். இரும்பு வேலையைப் பார்க்கத்தான் நான் நோட்டுப் புத்தகத்தோடு போயிருந்தேன். எழுதியதில் பாதி மண்ணும் தண்ணீரும்தான்.

நண்பர் நர்சரியிலிருந்து வெள்ளைக் கூழாங்கல் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்தார். பார்க்க அழகு. மேஸ்திரி ஒரு கையில் கூழாங்கல்லையும் மறு கையில் கிரஷர் சிப்ஸையும் அள்ளிக் குவித்து, இரண்டின் மேலும் கட்டை விரலால் அழுத்திக் காட்டினார். கூழாங்கல் விரலிடுக்கில் உருண்டு ஓடியது. உடைகல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றது. பெரிய லைனிலும் இதே கதைதான். அங்கே 20 முதல் 65 மி.மீ. வரையிலான உடைஜல்லி, ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் கால் மீட்டருக்குக் குறையாத கனத்தில் கிடக்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம், 250 கிலோவுக்கு மேற்பட்ட கான்கிரீட் கட்டை எல்லாம் அந்தக் கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை. பூமியோடு எதுவும் பூட்டப்படவில்லை. சுமையைப் பரப்பி மண்ணுக்கு இறக்குவதும், தண்ணீரை வடியவிடுவதும், கட்டையை நகரவிடாமல் பிடிப்பதும் ஜல்லியின் வேலை. (சென்னை மெட்ரோவில் ஜல்லி இல்லை, நேராகக் கான்கிரீட் தளம். அதை நண்பர் சொல்லிக் காட்டியபோது, "அங்க மண்ணே இல்லியேங்க" என்று மேஸ்திரி முடித்துவிட்டார்.)

சிப்ஸைச் சல்லடையில் சலித்துத் தூசியைத் தனியே தள்ளினார். தூசி தங்கினால் மழையில் குழைந்து வடிகாலை அடைக்கும். ரயில்வேயில் இதற்கென்றே ஜல்லியை வாரிச் சலித்துத் திரும்பப் போடுகிற வேலை உண்டு. முன்பெல்லாம் அது முழுக்கக் கைவேலை.

கட்டைகள் செய்தவர் ஒரு தறி ஆசாரி. கைத்தறிக்கு உறுப்புகள் செய்துகொண்டிருந்தவருக்கு விசைத்தறிக் காலத்தில் வேலை குறைந்துபோயிற்று. பிரித்துப் போட்ட பழைய தறிகளின் தேக்குக் கால்களை அறுத்து, விரல் நீளத் துண்டுகளாக இழைத்து, எண்ணெயில் ஊறப் போட்டுத் தந்திருக்கிறார். சில துண்டுகளில் பழைய முளைக்குச்சி அடித்த துளை அப்படியே இருக்கிறது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்து, எந்தத் தெருவில் ஓடிய தறி என்று சொன்னார். இருக்கும். 45 மி.மீ.க்கு அவரே ஒரு மர அச்சும் செய்து வைத்திருந்தார். தண்டவாளத்தை அதில் வைத்துத் திருகினால் இடைவெளி மயிரிழை பிசகாது.

எனக்கு மிகவும் பிடித்தது வளைவு போட்ட காலைப் பொழுது. பெரிய லைனில் வளைவின் மையம் எங்கோ வயலிலோ வீட்டுக்குள்ளோ இருக்கும், அங்கே போய் முளையடித்து அளக்க முடியாது. அதனால் ரயில்வேயில் ஒரு நூல் போதும் என்று வைத்திருக்கிறார்கள். 20 மீட்டர் நூலைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் இரு முனையும் தொட இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பார்கள். அதற்கு வெர்சைன் என்று பெயர். ஆயிரம் மீட்டர் ஆரமுள்ள வளைவு என்றால் 50 மி.மீ. வரும். பிறகு பாதி நூல் நீளம் தள்ளி இன்னொரு அளவு, அப்படியே வளைவு முழுக்க.

தோப்பில் நைலான் நூலுக்குப் பதில் ஆசாரி கொடுத்த பாவு நூல், ஒரு மீட்டர். ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆரத்துக்கு 83 மி.மீ. வரவேண்டும். முதலிடத்தில் 83. அடுத்ததில் 91. அதற்கடுத்ததில் 76. எனக்கு வளைவு கண்ணுக்கு வட்டமாகவே தெரிந்தது. மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "91-க்கும் 76-க்கும் நடுவுல வண்டி தலைய ஆட்டுமுங்க. பொட்டி சின்னதா இருந்தா ஆட்டாதுங்களா?" குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் தட்டித் தட்டி நகர்த்தினார். 85, 82, 84 என்று வந்ததும்தான் எழுந்தார்.

டீக்கடையில் டீ குடிக்கும்போது வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. பித்தளை எஃகைவிட அதிகம் நீளும். பத்து மீட்டர் பித்தளை 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் கூடும். ஆகவே இணைப்புகளில் சந்து விட்டிருக்கிறார். பெரிய லைனில் இப்போது தண்டவாளங்களை நீளத்துக்கும் பற்றவைத்துவிடுகிறார்கள். சந்து இல்லை, பழைய தடக் தடக் சத்தமும் இல்லை. நீள வழியில்லாத இரும்பு அந்த விசையை உள்ளேயே அடக்கிக்கொண்டு கிடக்கும். ஜல்லி தளர்ந்த இடம் கிடைத்தால் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். அதற்காகவே சித்திரை வெயிலில், மற்றவர்கள் நிழல் தேடுகிற நேரத்தில், லைனில் ஆள் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து வேறு.

கீமேனாக இருந்தபோது தனக்கு ஒதுக்கிய பீட்டில், தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கிற ஒவ்வொரு கிளிப்பையும் பார்த்தபடி நடப்பது அவர் வேலை. தோளில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, ஆபத்துக்கு வெடிக்கும் டெட்டனேட்டர். இருவழிப் பாதையில் பயப்பட வேண்டியது எதிரே வருகிற வண்டிக்கு இல்லையாம். "அத ஒதுங்கி வழி விடுவோமுங்க. அந்தச் சத்தத்துல பக்கத்து லைன்ல வர்றது காதுல விழாது." கூட வேலை செய்த ஒருவர் அப்படிப் போனதைச் சொன்னார். பெயரையும் சொன்னார், நான் குறித்துக்கொள்ளவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தால் டிரைவரைப் பாராட்டுகிற நமக்கு, காலையில் அந்த வழியே நடந்து போன ஆளின் முகம்கூடத் தெரியாது என்பது எனக்கு அந்த டீக்கடை பெஞ்சில்தான் உறைத்தது.

தோப்பில் அவருக்கு வேறு எதிரிகள். கோழிகள் புழு தேடி ஜல்லியைக் கிளறிவிடுகின்றன. அருகம்புல் ஒரு மழைக்குள் கட்டைக்கு நடுவே எட்டிப் பார்க்கிறது. தேங்காய் விழுந்து ஒரு கட்டை ஏற்கெனவே போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படுமுன் லைனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகிறார். கையில் சின்னச் சுத்தியல்.

கடைசியாக ஒரு சண்டை. கிணறு வெட்டிய மண் ஒரு மேடாகக் கிடக்கிறது. லைன் அதன் மேலேறி இறங்க வேண்டும் என்பது நண்பரின் கனவு. சரிவு கிட்டத்தட்ட 12 அடிக்கு ஒரு அடி. "ஊட்டி ரயில் ஏறலியா?" என்றார். 1899-ல் திறந்த மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் கல்லாறு தாண்டியதும் 12.5-க்கு 1 வரை ஏற்றம் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே நடுவில் இரட்டைப் பல் கம்பி ஓடுகிறது. ஒன்றின் பல் மற்றதன் பல்லுக்கு நேரே வராமல் மாற்றி வைத்திருப்பதால், எஞ்சினின் பல் சக்கரம் ஒரு கணமும் பிடி விடாது. இரும்பின் மேல் இரும்பு வைத்து வெறுமனே ஒரு ரயில் அவ்வளவு ஏறுவது கடினம்.

ஆசாரிக்குக் கண் விரிந்துவிட்டது. "பல்லு எத்தன விரக்கடைக்கு ஒண்ணுங்க?" என்று பென்சிலை எடுத்தார்.

"ஆசாரியாரே, கம்பிக்கு நீங்க பல்லு வெப்பீங்க. எஞ்சினுக்கு ஆரு வெக்கறது?" என்றார் மேஸ்திரி. நண்பர் போனில் பல் சக்கர எஞ்சினின் விலையைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

மறுநாள் இரண்டு ஆட்கள் மம்முட்டியோடு மேட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சரிவு 40-க்கு 1 என்று முடிவாயிற்று, வெட்டிய மண் தென்னைக்குப் போகிறது. இனி லைன் பிரிகிற பாயின்ட்ஸ் பாக்கி. ஆசாரி ஒரு வாரம் கேட்டிருக்கிறார். ஐப்பசி மழை ஒன்று பெய்து தடம் அமரட்டும், அதற்கு முன்னால் தொடவே கூடாது என்கிறார் மேஸ்திரி.