160 புள்ளி அகலத்தில் ஒரு கிணறு

கையடக்கச் சாகச விளையாட்டுக்கு இலக்கணம் வகுத்தது 1989இல் வந்த நின்டெண்டோ கேம்பாய். குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி, நான்கே சாயல்கள், நான்கு ஒலித்தடங்கள்: அந்தக் கருவியில் இருந்தது இவ்வளவுதான். படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களால் ஆனது. ஒரு திரையில் 360 சதுரங்கள் அடங்கும். 1993இல் வெளியான 'லிங்க்ஸ் அவேக்கனிங்' என்ற விளையாட்டு இந்த எல்லைக்குள் ஒரு தீவையே வைத்தது. பதினாறு திரை அகலமும் பதினாறு திரை உயரமும் கொண்ட அந்த நிலம், ஆடி முடிப்பதற்குள் சொந்த ஊரைப் போலப் பழகிவிடும். அங்கே ஒரு பாறை கிடந்தால் அதற்கொரு காரணம் இருக்கும். இவ்வகை விளையாட்டின் ஈர்ப்பு முதன்மையாக இதில்தான் இருக்கிறது. பழைய நினைவின் ஏக்கம் அதற்குப் பிறகே வருகிறது. கேம்பாயைக் கையில் பிடித்திராத இளையவர்களும் இவற்றை விரும்புகிறார்கள்.

குறுகிய நேரத்தில் முடிவதும் ஒரு பலம். டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' தோற்றத்தில் பழைய பாணியைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் பல ஆண்டுகளை அது சில சமையல்களில், இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகிறது.

2019இல் கிறிஸ் மால்ட்பி வெளியிட்ட ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, நிரல் எழுதத் தெரியாதவரும் கேம்பாயில் ஓடும் விளையாட்டைச் செய்யலாம். கதைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கம் விநாயகர் கோயிலின் தலக்கதையே இந்தத் திரைக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. பார்வையற்றவர், காது கேளாதவர், பேச முடியாதவர் என மூன்று சகோதரர்கள். ஒரு துண்டு நிலம். நீர் வற்றிய ஒரு கிணறு. ஆடுபவர் மூவராகவும் மாறி மாறி நடக்கலாம். பார்வையற்றவரின் முறையில் திரை இருண்டுவிடும்; கிணற்றை நெருங்க நெருங்க ஏற்றத்தின் ஒலி விரைவுபட்டு வழிகாட்டும். காது கேளாதவரின் முறையில் நான்கு தடங்களும் அடங்கிவிடும். பேச முடியாதவருக்கு உரையாடல் பெட்டி திறக்காது; சைகையால்தான் சொல்ல வேண்டும்.

கடினமான இடம், வற்றிய கிணற்றைத் தோண்டும்போது விநாயகர் சிலையில் கருவி பட்டு நீர் சிவக்கும் கட்டம். நான்கு சாயலில் சிவப்பு கிடையாது. நீர்ச் சதுரங்களை ஒவ்வொன்றாகக் கருமையாக்கி, இசையை முற்றிலும் நிறுத்தினால் வண்ணத்தைவிட அழுத்தமாகப் பதியும். அந்த நீர் பட்டு மூவரும் குணமடைகிறார்கள் என்கிறது கதை. காட்சி, ஒலி, பேச்சு மூன்றும் ஆடுபவருக்கு அதே நொடியில் ஒருசேரத் திறக்க வேண்டும். குறையை விதியாக வைத்து ஆடவிட்டால்தான் இந்த விடுதலையைக் கைவிரலால் உணர முடியும்.

தமிழ் எழுத்து தனி உழைப்பைக் கேட்கிறது. 'ணை' போன்ற எழுத்து எட்டுப் புள்ளி அகலத்தில் தெளியாது. பதினாறு புள்ளி கொடுத்தால், ஓரம் போக ஒரு வரிக்கு ஒன்பது எழுத்துகளே மிஞ்சும். ஆகவே வசனத்தை முதலில் தமிழிலேயே, இரண்டு மூன்று சொற்களில் எழுதிக்கொள்வது நல்லது.

பாகுதா நதியில் நீராடி, வெட்டுண்ட கைகளைத் திரும்பப் பெற்ற லிகிதர் என்ற முனிவரின் கதையும் இதே ஊருக்குரியதுதான். கைகள் வெட்டப்பட்டது, மாம்பழம் பறித்ததற்கு அரசன் தந்த தண்டனை. அந்தக் கதையையும் இந்த விளையாட்டிலேயே சேர்க்கும் ஆசை எழும். சேர்த்தால் இரண்டுமே கெடும். அது வேறொரு கார்ட்ரிட்ஜுக்கு உரியது.