பொறுக்கும் மட்டைகள்

கோல்ஃப் ஆடுவோரிடையே ‘ஃபர்கிவிங்’ என்றொரு சொல் புழங்குகிறது. பந்து மட்டை முகத்தின் நடுவிற் படாமல் விலகிப் பட்டாலும், அதனால் விளையும் கேட்டைக் குறைத்துத் தரும் மட்டைக்கு அந்தப் பெயர். மன்னிக்கும் மட்டை என்று பெயர்க்கலாம். எனக்கென்னவோ ‘பொறுக்கும் மட்டை’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. தன்னைத் தோண்டுவோரையும் தாங்கும் நிலத்தைப் பொறையுடைமைக்கு உவமை காட்டினார் வள்ளுவர். அவர் கோல்ஃப் ஆட்டக்காரரை மனத்திற்கொண்டு சொல்லியிருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு நாள் மைதானத்துக்கு வந்து பார்த்திருந்தால் உவமையை மாற்றியிருக்க மாட்டார்.

இந்தப் பொறுமையைப் பொறியியலாக்கியவர்களுள் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நோர்வேயிற் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1959இல் அவர் செய்த ‘பிங்’ பட்டர், எடையை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குத் தள்ளிவைத்தது. இரு முனையிலும் குடம் தொங்கும் காவுதடியைத் திருப்ப முயன்றவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். ஓரத்தில் எடை இருந்தால் தடி எளிதில் திரும்பாது. அவ்வாறே, பந்து விலகிப் பட்டாலும் மட்டை முகம் அவ்வளவாகத் திருகிக்கொள்வதில்லை. இன்றைய ‘ஹைபிரிட்’ இரும்பு மட்டைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தலை உட்கூடானது, எடை தாழ்ந்து, பின்னோக்கிக் கிடக்கிறது, அடிப்பாகம் அகலமானது. பந்து தானாக எழும்புகிறது என்று சொல்லுமளவுக்கு எளிது. (தூரம் கூடுவதில் ஒரு விற்பனைத் தந்திரமும் உண்டு. இப்போது ‘ஏழு’ என்று எண் பொறித்து விற்கும் பல மட்டைகளின் முகச்சாய்வு, முன்னாளைய ஐந்தாம் எண்ணுக்கு உரியது.)

ஐம்பதைக் கடந்தவனின் முதுகுக்கு நீண்ட இரும்புகள் உகந்தவையல்ல. அதனால் அத்தகைய தொகுப்பொன்றை இரவல் பெற்று, நுவரெலியாவில் இரண்டு நாட்கள் ஆடிப் பார்த்தேன்.

நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் தோன்றியது. கோப்பி அழிந்து தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. துரைமார் தமக்கென்று அமைத்துக்கொண்ட ஸ்கொட்லாந்தின் சிறு துண்டு என்று சொல்லலாம். நீளம் சுமார் 5,500 யார். இக்கால அளவுக்குக் குறைவு. ஆனால் மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடியைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவாதலால், கொழும்பில் நூறு யார் போகும் அடி இங்கே ஆறேழு யார் கூடுதலாகப் போகும். மட்டை தந்த தூரமா, மலை தந்த தூரமா என்று பிரித்தறியாமல் கடைக்காரரைப் புகழ்வது கூடாது.

முதல் நாள் மட்டைகள் சொன்னதைச் செய்தன. ஈரப் புல்லில் அகன்ற அடிப்பாகம் மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிச் சென்றது. முனையிற் பட்ட பந்துகூட ஏறக்குறைய நேராகவே போனது.

மறுநாள் எனக்குத் துணை வந்தவர் அறுபது வயதை நெருங்கிய ஒரு கேடி. (சென்னை வாசகர்கள் காவல் நிலையப் பதிவேட்டை நினைக்க வேண்டாம், மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டுபவருக்கு இங்கே அதுதான் பெயர்.) தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிய இலங்கையர்களான தங்கராஜா, பிரபாகரன் ஆகியோரின் பெயர்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போல் சொன்னார். பந்து என் பாதத்தைவிட உயரத்தில், சரிவில் கிடந்தது. நான் மட்டையை நேராகக் கொடிக்குக் குறிவைத்தேன்.

“அந்த மரத்தப் பாத்து அடிங்க சேர். பந்து எடப்பக்கம் இழுக்கும்.”

“இது பொறுக்கிற மட்டை அண்ணே, நேராகத்தான் போகும்.”

“கிளப்பு நல்ல கிளப்புதான் சேர். சரிவு அதுக்குத் தெரியாதுங்களே.”

மரத்தைப் பார்த்து அடித்தேன். பந்து இடப்புறம் வளைந்து கொடிக்கருகே விழுந்தது. பந்து உயரத்தில் கிடக்கும்போது, சாய்வு மிகுந்த மட்டை முகம் இடப்பக்கமே நோக்கும். ஓர எடை இதற்கு ஒன்றும் செய்ய இயலாது. மட்டை பொறுப்பது அடித்தவனின் கையை மட்டுமே. நிலம் அதன் கணக்கில் இல்லை. அந்தக் கணக்கை வைத்திருப்பவருக்கோ பை சுமந்த கூலிதான் ஊதியம். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபா. நான் இரவல் வாங்கியிருந்த தொகுப்பின் விலை, அந்தக் கூலியில் பல மாதங்களுக்குச் சமம்.

ஏளனமாக இதைச் சொல்லவில்லை. 2009இல் தென்கொரியரான யாங் யோங்-உன், டைகர் வுட்ஸை வீழ்த்தி பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது, கடைசிக் குழியில் இருநூறு யாருக்கு மேல் அடித்தது ஒரு ஹைபிரிட் மட்டையால்தான். நல்லவர்களுக்கும் அது உதவுகிறது. என் முடிவு வேறு: நான்கு, ஐந்து, ஆறு ஆகிய நீண்ட எண்களுக்கு ஹைபிரிட், ஏழிலிருந்து பழைய இரும்புகளே. குறுந்தூரத்தில் எனக்கு வேண்டியது உயரமன்று, காற்றுக்குக் கீழே தாழ்ந்து போகும் பந்து. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நுவரெலியாவில் ஆடியவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

ஆட்டம் முடிந்தபின் ஹைபிரிட்டை அவரிடம் நீட்டினேன். ஒரே ஒரு பந்து அடித்தார். நேராக, உயரமாக, வெகுதூரம். திருப்பித் தந்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பா அடிச்சாக் கைக்கே தெரிய மாட்டேங்குது” என்றார்.

பிறகு தயங்கித் தயங்கி, பழைய மூன்றையும் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். பேரனுக்குப் பத்து வயதாம். அடுத்த முறை போனபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் தரையில் ஊன்றி, தன் இடுப்போடு அளந்து பார்த்து, கைப்பிடிப் பக்கம் எத்தனை அங்குலம் அறுக்க வேண்டும் என்று விரலால் குறித்துக்கொண்டார்.