சாவி யார் கையில்?

லாரி எஞ்சினிலிருந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவது எப்படி என்று ஒரு சமூகப் பணியாளருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு மனிதரின் இரண்டு விரல்நுனிகள் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போயிருந்தன. "வேலை தெரியாமல் அவனாகவே கையை விட்டான்" என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்திருந்தது. அதற்குப் பதில் எழுத வேண்டுமானால் வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவரை இங்கே அண்ணன் என்றே சொல்கிறேன். நாமக்கல் பக்கத்து அருந்ததியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். பதினைந்து வயதில் பட்டறைக்குப் போனவர், முப்பது வருட அனுபவம். அவருடைய தாத்தா கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் தும்பி தைத்தவர். அவர் தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மொண்டு வரும். அவர் மட்டும் அந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது. மின்மோட்டார் வந்ததும் கவலை போனது, தோல் வேலையும் போனது. பேரன் லாரிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

அண்ணனிடம் ஒரு நோட்டுடன் உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார்.

பழைய லாரியில் எஞ்சினின் முன்பக்கம், ரேடியேட்டருக்குப் பின்னால், பெல்ட் இருக்கும் இடம் மிகவும் குறுகல். கீழே கிராங்க் புல்லி, மேலே ஃபேனும் வாட்டர் பம்பும், பக்கத்தில் டைனமோ. அடி குறுகி மேல் அகன்ற ரப்பர் பெல்ட், புல்லியின் பள்ளத்தில் இறுகி உட்கார்ந்திருக்கும். அந்த இறுக்கம்தான் அதன் பலம். ஆகவே கழற்றுவது என்றால் முதலில் இறுக்கத்தைத் தளர்த்துவது.

டைனமோவைத் தாங்கும் போல்ட்டையும், நீளத் துளை போட்ட பட்டையில் இருக்கும் அட்ஜஸ்ட் போல்ட்டையும் ஸ்பேனரால் தளர்த்த வேண்டும். டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொய்யும். டைனமோ புல்லியிலிருந்து முதலில் எடுத்து, மற்றவற்றிலிருந்தும் விடுவித்து, ஃபேன் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தாண்ட வைத்து வெளியே எடுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது, புல்லியின் விளிம்பு கெடும். இரட்டைப் பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பாரமெல்லாம் புதியதன் மேல் விழும்.

"இதுக்கெல்லாம் முன்னாடி ஒன்னு இருக்குதுங்க தங்கச்சி" என்றார். "எஞ்சினை நிறுத்தி, பேட்டரி எர்த் கம்பியைக் கழட்டிடோணும். அப்புறம் யாரு சாவியைத் திருப்புனாலும் ஒன்னும் ஆகாது."

எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "அன்னைக்கு ஏங்கண்ணா கழட்டல?"

அன்றைக்கு அட்ஜஸ்ட் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைக்க நேரம் வேண்டும். லோடு ஏற்றிய வண்டி காத்திருந்தது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஓனர் மகன் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "டேய், போல்ட்டெல்லாம் வேண்டாம். பெல்ட்டை ஓரமா நெம்பிப் பிடி, செல்ஃப் ஒரு தட்டு தட்டுறேன், தானா வெளிய வந்துரும்" என்று சொல்லியிருக்கிறான். பட்டறைகளில் பலரும் செய்யும் குறுக்குவழிதான். பானெட் தூக்கியிருந்ததால் கேபினிலிருந்து பார்த்தால் கை தெரியாது. அண்ணன் பிடியைச் சரிசெய்வதற்குள் சாவி திரும்பிவிட்டது.

"இருங்கன்னு சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"அவங்ககிட்ட எப்படிங்க தங்கச்சி சொல்றது?"

முதுகலையில் சமூகவியல் படித்தபோது படிநிலை, அதிகாரம், உழைப்பு என்று பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறேன். அந்தச் சொற்களெல்லாம் பேட்டரிக் கம்பிக்கும் சாவிக்கும் நடுவே இருக்கும் நான்கடி தூரத்தில் கிடந்தன. வேலை தெரிந்தவர் கையை உள்ளே விட்டிருக்கிறார். வேலை தெரியாதவன் கையில் சாவி இருக்கிறது. தெரிந்தவர், தெரியாதவனைப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்ல முடியாது. இது இயந்திரக் கோளாறு அல்ல.

அன்று யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. அதனால் இது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வராது என்றார் எங்கள் வழக்கறிஞர்.  ஆனால் தன்னைவிட இருபது வயது இளையவன் 'டேய்' என்று கூப்பிட, 'வாங்க, போங்க' என்று பதில் சொல்லியே பழகிய நாக்குக்கு 'நிறுத்து' என்ற சொல் எங்கிருந்து வரும்? பெயர் சொல்லாமலேயே சாதி தன் வேலையைச் செய்துவிடுகிறது.

பத்துப் பேருக்கும் குறைவான பட்டறை என்பதால் இஎஸ்ஐ கிடையாது. அப்போது நடப்பிலிருந்த, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டோம். அதன் அட்டவணையில் சுட்டுவிரலில் ஒரு கணு போனால் 9 விழுக்காடு, நடுவிரலில் ஒரு கணு போனால் 7 விழுக்காடு வருமான இழப்பு என்று இருக்கிறது. தொழிலாளியின் வெறும் கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. குடிபோதை, பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுவது போன்றவற்றை முதலாளி காட்ட வேண்டும். அங்கே மீறுவதற்குப் பாதுகாப்பு உத்தரவு எதுவும் இருக்கவில்லை. இருந்த ஒரே உத்தரவு கேபினிலிருந்து வந்தது.

அண்ணன் சொன்ன வரிசையை எண் போட்டு மனுவில் எழுதினோம். முறையான வழி இது, அன்று சொல்லப்பட்ட வழி இது, சாவி இருந்த இடம் இது. விசாரணையில் அண்ணன் அதை ஒவ்வொரு போல்ட்டாக விளக்கினார். 'வேலை தெரியாதவன்' என்ற வாதம் அங்கேயே விழுந்தது. இழப்பீடு வந்தது. அது பெரிய தொகை அல்ல, விரல்நுனிகளும் திரும்பவில்லை.

களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பாதிக்கப்பட்டவரிடம் 'என்ன கொடுமை நடந்தது' என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அவர் செய்யும் வேலையைக் கேளுங்கள். எந்தக் கருவி, எது முதலில், எது பிறகு, யார் எங்கே நின்றார்கள், யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். சாக்கடைக் குழிக்கும் இதே கேள்விதான், செங்கல் சூளைக்கும் இதே கேள்விதான். நம் மக்களின் கையில் இருக்கும் அறிவு எந்தச் சான்றிதழிலும் இல்லை. நாம் கேட்டு எழுதாவிட்டால் அது 'கவனக்குறைவு' என்றே கோப்பில் ஏறும்.

அண்ணன் இப்போது சாலையோரம் சொந்தமாகச் சின்னக் கொட்டகை போட்டிருக்கிறார். வண்டி யாருடையதாக இருந்தாலும் அங்கே ஒரே விதிதான். எஞ்சினுக்குள் கை போகும் முன் எர்த் கம்பி கழன்றிருக்க வேண்டும், சாவி அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். தரத் தயங்கும் ஓனரிடம், "அப்போ வேற பட்டறைக்குக் கொண்டு போங்க" என்கிறார்.